சிமுலேஷன் ஃபுட்பால்: முதல் வார ரிசல்ட்டைப் படிப்பது எப்படி?

மேடன் என்எஃப்எல் போன்ற கேம்களில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கை நீங்களே நடத்தலாம். மொத்தம் 32 அணிகள். முதல் வாரத்தை சிமுலேட் செய்தால் 16 ஆட்டங்களின் ஸ்கோரும் திரையில் வரும். 24-17 என்றெல்லாம் இருக்கும்; மிரள வேண்டாம்.

டச்டவுனுக்கு 6 புள்ளிகள், தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1. ஃபீல்டு கோலுக்கு 3. ஆக, 24 என்பது பெரும்பாலும் மூன்று டச்டவுன், ஒரு ஃபீல்டு கோல்.

இனி எக்செல். வெற்றி, தோல்வி, டை என மூன்று காலம்கள் போடுங்கள். வெற்றிகளோடு டைகளில் பாதியைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுக்க ஃபார்முலா கொடுங்கள். முதல் வாரத்தில் 1.000, 0.500, 0.000 மட்டுமே வரும். ரிசல்ட்டை டைப் செய்யும் முன் பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழைச்செய்தி காட்டும். பின் தானாக மறையும்.

பலமான அணி தோற்றுவிட்டதா? கேமில் கோளாறு இல்லை. வீரர்களின் ரேட்டிங்குடன் ரேண்டம் எண்களும் சேர்ந்தே முடிவு வருகிறது. இன்னும் 16 ஆட்டங்கள் பாக்கி. அடுத்த முறை சிமுலேட் செய்யும் முன் சேவ் செய்யுங்கள். அந்த ஃபைலைத் திறந்து மறுபடி ஓட்டினால் ஸ்கோர் மாறலாம். இரண்டையும் அருகருகே போட்டுப் பாருங்கள். எந்த அணி இரண்டு முறையும் ஜெயித்தது என்பது தெரிந்துவிடும்.