இல்லாத கால் ஏன் வலிக்கிறது?

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு விதைநெல் பற்றிப் பேசுவதற்காகப் போயிருந்தோம். கூட்டம் கலைந்த பின்னர் ஒரு தாய் எம்மைத் தனியே அழைத்தார். "சுவாமி, எங்கட வீட்டுக்காரருக்குக் கால் விரலில சரியான வருத்தம். இரவில நித்திரையே இல்ல. ஆனா அந்தக் கால்தான் இல்லையே" என்று சொல்லிவிட்டு, நாம் சிரிப்போமோ என்று எமது முகத்தைப் பார்த்தார்.

அவருடைய கணவர் மாடு தேடிப் போன இடத்தில் மிதிவெடியில் அகப்பட்டவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. புண் ஆறி, பொய்க்கால் போட்டு, வயலுக்கும் போய் வருகிறார். ஆனால் இரவானதும் இல்லாத காலின் விரல்கள் உட்பக்கமாக மடங்கி, குறடு போட்டு முறுக்குவதுபோல் வலிக்கும். பனடோலுக்கு அடங்காது. நூல் கட்டிப் பார்த்தார்கள். பேய் என்றார்கள் சிலர். குடிப்பதற்குச் சாட்டு என்றார்கள் வேறு சிலர். நாமும் அன்று அவருக்குப் பொறுமையைத்தான் போதித்துவிட்டு வந்தோம். பொறுமை நல்லதுதான். ஆனாலும் விரலைக் குறடு முறுக்கும் ஒருவருக்கு அது என்ன ஆறுதல்? அந்த வெட்கத்தால் தேடி வாசித்தவற்றையே இவ்விதழில் பாடமாகத் தருகிறோம்.

இது மிதிவெடியில் கால் இழந்தோருக்கு மட்டுமான பாடமல்ல. நீரிழிவு நோயால் விரலும் பாதமும் எடுக்கப்பட்டோர், சூடடிக்கும் இயந்திரத்தில் கை போனோர், விபத்தில் அகப்பட்டோர் என எமது கிராமங்களில் இன்று பலர் இருக்கின்றனர். உறுப்பு இழந்தவர்களில் மிகப் பலருக்கு இந்த வலி ஏதோ ஒரு காலத்தில் வருவதுண்டு. மருத்துவ நூல்கள் இதனை மாய உறுப்பு வலி என்கின்றன. 'மாயம்' என்ற சொல் எமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கேட்பவர்கள் வலியையே மாயம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

1871 ஆம் ஆண்டில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க வைத்தியர் இதற்கு முதன்முதலாகப் பெயரிட்டு எழுதினார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கை கால் இழந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் அவர். யுத்தம் முடிந்த இடங்களில்தான் இந்த அறிவும் வளர்ந்திருக்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, மூளைக்குள் இருக்கும் ஒரு வரைபடத்தை அறிய வேண்டும். கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை வைத்தியர் 1930களில் வலிப்பு நோயாளருக்குத் தலையைத் திறந்து சிகிச்சை செய்தார். மூளைக்கு வெட்டுவலி தெரியாது. ஆகையால் நோயாளி விழித்திருக்கும்போதே சிறிய மின்னோட்டத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்க்க அவரால் முடிந்தது. ஓரிடத்தைத் தொட்டால் "பெருவிரல் சிலிர்க்கிறது" என்பார் நோயாளி. சற்றுத் தள்ளித் தொட்டால் உதடு. இப்படியாக உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஒரு துண்டுக் காணி உண்டு என்று தெரியவந்தது. நிலஅளவையாளர் கீறும் படம்போல அளவுக்கு அளவு அல்ல இது. முதுகுக்குச் சிறு துண்டு, நுட்பமான வேலை செய்யும் கைக்கும் உதட்டுக்கும் பெரிய துண்டு. கையின் காணிக்குப் பக்கத்துக் காணி முகத்தினுடையது.

கை போய்விட்டால் அந்தக் காணிக்கு என்ன நடக்கும்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் எமது மொழி வழங்கும் மண்ணில் பிறந்தவர். 1951 இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன். கை இழந்த ஒருவரின் முகத்தைப் பஞ்சால் தொட்டபோது, அவர் இல்லாத கையில் தொடுவதாகவும் உணர்ந்தார். இதிலிருந்து ராமச்சந்திரன் கூறியது: உரிமையாளர் இடம்பெயர்ந்த காணிக்குள் அயலவர் வேலியை நகர்த்துவதுபோல, முகத்தின் பகுதி கையின் பகுதிக்குள் புகுந்துவிடுகிறது. இது எப்படியிருக்கும் என்று எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் 1990களில் செய்த மற்றொரு காரியம் இன்னும் எளியது. இல்லாத கை இறுகப் பொத்தியபடி நின்று வலிக்கிறது என்றனர் சிலர். மூளை "விரி" என்று கட்டளையிடுகிறது. விரித்தாயிற்று என்ற மறுமொழி எங்கிருந்தும் வருவதில்லை. அந்த மறுமொழியைக் கண் வழியாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். ஒரு பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன்னே வைத்து விரிக்கச் சொன்னார். கண்ணாடியில் இரண்டு கையும் இருப்பதுபோலவும், இரண்டும் விரிவதுபோலவும் தெரிந்தது. சிலருக்கு அவ்விடத்திலேயே பிடிப்பு விட்டது.

2007 இல் வாஷிங்டன் நகர இராணுவ வைத்தியசாலையில் கால் இழந்தவர்களிடம் இது முறையாகச் சோதிக்கப்பட்டது. 18 பேர் முடிவுவரை பங்குகொண்டனர். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி கொடுக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவருக்கே குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை செய்த ஆறு பேரில் இருவருக்குக் குறைந்தது, நால்வருக்குக் கூடியது. 18 பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது. பின்வந்த சோதனைகள் எல்லாம் ஒரே விதமாக அமையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இனி, பத்திரிகைகளில் நாளும் அடிபடும் செயற்கை நுண்ணறிவு இங்கே எங்கு வருகிறது என்று பார்ப்போம். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இதற்குள் முக்கியமானது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் கணினி. நெற்பயிரைப்போலவே நிற்கும் களையை முதல் தடவை வயலில் இறங்கும் பிள்ளை அடையாளம் காணாது. இது நெல், இது களை என்று நூறு தடவை காட்டினால், பின்பு சொல்லாமலே பிடுங்கும். கணினியும் அப்படியே. காட்டியதைக் கற்கும், காட்டாததை அறியாது.

சுவீடன் நாட்டில் மாக்ஸ் ஓர்ட்டிஸ் கட்டலான் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் இதனை வலிக்குப் பயன்படுத்தினர். வெட்டுண்ட கையின் எஞ்சிய தசையில் மின்முனைகளை ஒட்டி, இல்லாத கையை அசைக்க நோயாளி முயலும்போது எழும் நுண்ணிய மின்னதிர்வைக் கணினிக்குப் பழக்கினர். அவர் எண்ணியபடி திரையில் ஒரு கை அசையும். மருந்துக்கும் பிற சிகிச்சைக்கும் அடங்காத நெடுநாள் வலியுள்ள 14 பேருக்கு 12 தடவை இப்பயிற்சி கொடுக்கப்பட்டது. வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2016 இல் வெளியிட்டனர். சென்னை மருத்துவரின் கண்ணாடியும் சுவீடனின் கணினியும் செய்யும் வேலை ஒன்றுதான், மறுமொழி கொடுப்பது. அந்தக் கணினி கிளிவெட்டிக்கு எப்போது வரும் என்று நாம் சொல்ல முடியாது. கண்ணாடி இன்றே மூதூர்க் கடையில் இருக்கிறது.

ஆனால் எம்மை ஆழமாகத் தொட்டது 2025 இல் வெளியான ஆய்வொன்று. கேம்பிரிட்ஜின் தமார் மேக்கினும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. நோய் காரணமாகக் கை எடுக்கப்பட இருந்த மூவரை, சத்திரசிகிச்சைக்கு முன்னரே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்கவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கவும் உதட்டைக் குவிக்கவும் சொல்லி மூளையைப் படம்பிடித்தனர். கை எடுத்த பின்னர் மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும் (கூடிய அளவு 5 ஆண்டு வரை) இல்லாத விரல்களை அசைக்க முயலச் சொல்லி மீண்டும் படம்பிடித்தனர். கை இருந்த காலத்துப் படங்களால் பழக்கிய கணினியிடம் கை இல்லாத காலத்துப் படங்களைக் கொடுத்தனர். எந்த விரலை அசைக்க அவர் முயல்கிறார் என்பதைக் கணினி அடையாளம் கண்டது. கையின் காணி அப்படியே கிடந்தது. பக்கத்து உதட்டின் காணி உள்ளே வந்துவிடவில்லை.

அப்படியானால் ராமச்சந்திரன் சொன்ன வேலி நகர்ந்த கதை? அது இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. மூன்றே பேர், அதுவும் கைகள், ஆகையால் விவாதம் முடியவில்லை. கண்ணாடி சிலருக்குச் சுகம் கொடுப்பது மாறவில்லை, காரணம் பற்றிய விளக்கமே மாறுகிறது. தன் சொந்த ஆட்களின் கணக்கையே மறுபடி அளந்து பார்க்கத் தயங்காத பழக்கம் விஞ்ஞானத்துக்கு உண்டு. அந்தப் பழக்கம் எமது சங்கங்களுக்கும் கொஞ்சம் வந்தால் நல்லது.

இதை வாசித்தபோது 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறியவர்களை நினைத்துக்கொண்டோம். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்தவர்களோடு மாலையில் பேசும்போது, எந்த வரம்பில் நண்டு துளைக்கும், எந்த வாய்க்கால் மடையில் தண்ணீர் முந்தி வரும், எந்த மூலையில் மருதமரம் நிற்கிறது என்று கையால் மண்ணில் கீறிக் காட்டுவார்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் திரும்பிப் போனபோது மரமும் வரம்பும் அழிந்திருந்த இடங்களிலும், தத்தம் காணியை நடந்து போய்க் காட்டிய முதியவர்களை நாம் அறிவோம். அவர்களை எவரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. இல்லாத காலின் விரலைச் சொல்பவரை மட்டும் ஏன் சொல்கிறோம்?

இந்த ஆய்வு மூவரால் நடந்தது என்பதையும் கவனியுங்கள். கையை இழக்கப்போகும் துக்கத்தின் நடுவில் இயந்திரத்தில் படுக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள். மூளை விஞ்ஞானம் இன்று தனியொருவர் வேலையல்ல. 2024 ஒக்டோபரில் பழ ஈயின் மூளை முழுவதும், 139,255 நரம்புக்கலங்களோடு, வரையப்பட்டு வெளிவந்தது. நரம்பு இழைகளைப் பின்தொடர்ந்தது கணினி. அது விட்ட பிழைகளைத் திருத்தியவர்கள் பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர், விஞ்ஞானிகள் அல்லாத ஆர்வலரும் அவர்களில் உண்டு. மனித மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள்! 2022 இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு நிலையம், உயிர் நீங்கிய கருச்சிசுக்களின் மூளைகளைத் தலைமயிரிலும் மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை 'தாரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. எமது பக்கத்து மக்களின் மூளையும் இனிக் கணினிக்குக் காட்டப்படும் என்பதால் இதை நாம் பெரிதாக எண்ணுகிறோம். காட்டாததைக் கணினி அறியாது என்று மேலே சொன்னோம்.

தொடக்கத்தில் சொன்ன கணவருக்கு அலுமாரிக் கண்ணாடி ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் விரல் விரிந்தது என்றார். வலி முழுதாகப் போகவில்லை, மழை இரவுகளில் வருகிறது. நித்திரை கொள்கிறார். வீட்டில் இப்போது எவரும் அவரைச் சந்தேகிப்பதில்லை, அதுவே பாதி மருந்து என்கிறார் அந்தத் தாய்.

கண்ணாடியை எப்படி வைப்பது?

முதலில் வைத்தியரிடமோ, வைத்தியசாலை இயன்மருத்துவப் பிரிவிலோ காட்டுங்கள். வெட்டிய இடத்திலேயே வலி என்றால் அது வேறு. புண்ணோ, எலும்பு முனையோ, நரம்பு நுனியில் விழுந்த முடிச்சோ காரணமாகலாம். அதற்குக் கண்ணாடி உதவாது.

உருவத்தை நெளித்துக் காட்டாத கண்ணாடி, தொடையிலிருந்து பாதம் வரை தெரியும் நீளம். விளிம்புகளுக்கு நாடா ஒட்டுங்கள். பாயில் காலை நீட்டி இருந்து, இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, முகப்பு இருக்கும் காலைப் பார்க்கும்படி வையுங்கள். வெட்டிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். செருப்பு, மெட்டி, கயிறு எதுவும் வேண்டாம். கண்ணாடியில் தெரியும் காலை மட்டும் பார்த்தபடி, இருக்கும் பாதத்தை மெதுவாக மடக்கி விரியுங்கள். அதே நேரம் இல்லாத பாதமும் அப்படிச் செய்வதாக முயலுங்கள். 15 நிமிடம், நாள்தோறும், சத்தமில்லாத இடத்தில். சிலருக்குத் தலைசுற்றும், சிலருக்கு அழுகை வரும். அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலி கூடிக்கொண்டே போனால் இம்முறையை விட்டுவிட்டு வைத்தியரிடம் போங்கள். இரு கால்களும் இழந்தோருக்கு இது பொருந்தாது. நீரிழிவுள்ளோர் எஞ்சிய பாதத்தின் அடிப்பக்கத்தையும் அதே கண்ணாடியில் நாள்தோறும் பார்த்துக்கொள்ளலாம், வெடிப்போ கொப்புளமோ கண்டால் அன்றே காட்ட வேண்டும்.

எந்த நாள், எந்த விரல், எவ்வளவு நேரம் வலித்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். கிளினிக் போகும்போது அதைக் கொண்டுபோய், வைத்தியர் உங்கள் கிளினிக் புத்தகத்தில் அந்த வலியைப் பதியும்வரை கேளுங்கள்.