முதியோருக்கு மருந்து கொடுக்கும் முறை

பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப்புற ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்டதேயன்றி, உறவும் போக்குவரவும் அற்றுப்போகவில்லை. ஆகவே, இவ்வூர் முதியவர் ஒருவர் நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துச் சீட்டும், மகள் வாழும் குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளத்தில் மற்றொரு சீட்டும் பெற்றிருத்தல் கூடும். அவர் முதியோர் இல்லத்தில் சேரும்போது இரண்டு சீட்டின் மருந்துகளும் ஒரே பையில் வந்து சேரும். அப்பையை எவ்வாறு ஆராய்வது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

ஒரு மருந்து, இரு பெயர்

மருந்துக்குப் பொதுப்பெயர் ஒன்று, வணிகப்பெயர்களோ பல. நீரிழிவுக்குரிய கிளிமிபிரைடு என்னும் மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. ஒரு சீட்டில் ஒரு பெயரும், மற்றதில் வேறொரு பெயரும் இருப்பின், இரண்டும் வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் கொடுத்துவிட நேரிடும். ஒவ்வொன்றும் 2 மில்லிகிராம் எனின், முதியவர் 4 மில்லிகிராம் உட்கொள்வார். முதுமையில் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால் பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. இதனால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றும்; காலத்தே கவனியாவிடில் உயிருக்கே ஊறு நேரும். மனக்குழப்பத்தை மூப்பின் இயல்பென்று கருதி வாளாவிருத்தல் பெருந்தவறாகும்.

2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, மருந்து அட்டையில் பொதுப்பெயர் வணிகப்பெயரினும் பெரிய எழுத்தில் அச்சிடப்பெறுதல் வேண்டும். சில கூட்டு மருந்துகளுக்கு மட்டும் விலக்குண்டு. ஊழியர் முதலில் நோக்கவேண்டியது இப்பொதுப்பெயரையே.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

1. முதியவர் இல்லத்தில் சேரும் நாளிலேயே எல்லா மருந்துகளையும் பரப்பி வைத்து, பொதுப்பெயர், அளவு, வேளை, எழுதிய மருத்துவர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக.

2. ஒரே பொதுப்பெயர் இருமுறை வரின், கொடுக்குமுன் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டறிக. தாமாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

3. ஆள், மருந்து, அளவு, வேளை, செலுத்தும் வழி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க. ஆளை உறுதிசெய்ய, "நீங்கள் இன்னார்தானே?" என்று வினவாமல், "உங்கள் பெயர் என்ன?" என்று அவர் பேசும் மொழியிலேயே வினவுக.

4. மெதுவாகக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கலாகாது. பொடித்தால் நாள் முழுவதற்குமுரிய மருந்து ஒரே வேளையில் உடலிற் சேரும்.

5. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை கொடுப்பது. நாள்தோறும் கொடுத்தால் நஞ்சாகும். அதற்குரிய கிழமையைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிக்க.

6. முதியவர் மருந்தை விழுங்கிய பின்னரே பதிவு செய்க. மறுத்தாலும் அதனையும் எழுதுக. விடுபட்ட வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுத்தல் ஆகாது.

7. தவறு நேர்ந்தால் மறையாது உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க. சர்க்கரை தாழ்ந்தவர் நினைவுடன் விழுங்கவல்லவராயின் சர்க்கரை நீர் கொடுக்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பயிற்சி

ஆசிரியர்கள் வெற்று மருந்து அட்டைகளைத் திரட்டி, வணிகப்பெயர் வேறாயினும் பொதுப்பெயர் ஒன்றாயுள்ளவற்றை மாணவர்களைக் கொண்டு பிரித்தெடுக்கச் செய்யலாம். வீட்டில் பாட்டன் பாட்டியரின் மருந்துப் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவரச் செய்தலும் நன்று. எல்லையின் எப்புறத்து மருத்துவரிடம் சென்றாலும் முதியவர் கையோடு கொண்டு செல்லத்தக்க ஒரே பட்டியல் அதுவாகும்.