கடலாய்வுத் தரவுகளும் பாயிர மரபும்

முன்னுரை

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லை வங்கக் கடலாகும். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் இக்கரையில் வாழ்வோர்க்குக் கடல் புதிதன்று. கப்பல் செலுத்துவோனைக் குறிக்கும் ‘மாலுமி’ என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். ‘கற்பிப்பவர்’ என்பது அதன் பொருள். கடலோடியையும் ஆசிரியரையும் ஒரே சொல்லால் சுட்டியோர் கடலறிவைப் பிறர்க்கு உரைக்க வேண்டிய கல்வியாகவே கருதினர் எனலாம். 15ஆம் நூற்றாண்டின் அரபு மாலுமி அஹ்மது இப்னு மாஜித், விண்மீன்களின் உயரங்களையும் கடல்வழிகளையும் நூலாக எழுதிவைத்தார். இன்றைய ஆய்வுக் கப்பல்கள் திரட்டும் தரவுகளை எவ்வாறு பதிந்து காக்க வேண்டும் என்பதை மாமல்லைக் கடலை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலாய்வுப் பயணமும் பதிவேடும்

1983இல் நம் நாட்டுக்கு வந்த ‘சாகர் கன்யா’, 2008 முதல் பணியாற்றும் ‘சாகர் நிதி’ முதலியன நமது ஆய்வுக் கப்பல்களுள் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு பயணத்திற்கும் ஓர் எண் உண்டு. கப்பல் நின்று அளவெடுக்கும் இடம் ‘நிலையம்’ எனப்படும். அதற்கும் ஓர் எண் உண்டு. அங்கு வெப்பம், உப்பளவு, ஆழம் ஆகியவற்றை ஒருங்கே அளக்கும் கருவி கடலுள் இறக்கப்படுகின்றது. அதனுடன் இறங்கும் குப்பிகள் வெவ்வேறு ஆழங்களில் நீரை முகந்து வருகின்றன. ஒவ்வொரு குப்பிக்கும் தனியெண் இடப்படுகின்றது.

பயண எண், நிலைய எண், குப்பி எண் ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தால் குப்பியில் இருப்பது வெறும் உப்புநீரே. கருவியின் எண்ணும் இன்றியமையாதது. கரை திரும்பியபின் ஒரு கருவி சிறிது மிகுத்துக் காட்டியது எனத் தெரியவரின், எந்த அளவுகள் அக்கருவியால் எடுக்கப்பட்டன என அறிந்தாலன்றித் திருத்தம் செய்தல் இயலாது.

காலமும் இடமும்

உலகப் பொது நேரத்திற்கும் இந்திய நேரத்திற்கும் இடையே ஐந்தரை மணி வேறுபாடு உண்டு. நம் கரையில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே, எந்த நேரம் எனக் குறியாது விட்டால், உயர் ஓதத்தில் எடுத்த ஆழத்தைத் தாழ் ஓதத்தில் எடுத்ததாகக் கொள்ள நேரும். திங்களும் அவ்வாறே முதன்மையானது. வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியும், பங்குனி சித்திரையில் வடக்கு நோக்கியும் பாய்கின்றது. திங்கள் குறிக்கப்படாத நீரோட்ட அளவு திசைதெரியா ஓலையே.

இடத்தைக் கருதுவோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,852 மீட்டர். நிமிடத்தின் பின்னத்தைக் குறியாது விடுத்தால், ஆய்வாளர் தேடும் பொருள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிப்போதல் கூடும்.

மாமல்லை காட்டும் பாடம்

மாமல்லையில் ஏழு கோயில்கள் இருந்தன என்றும் அவற்றுள் பல கடலுள் மூழ்கின என்றும் வழங்கிய செவிவழிச் செய்தியை வில்லியம் சேம்பர்சு 1788இல் வெளியான தம் கட்டுரையில் பதிந்தார். 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் தேடல் கழகமும் இணைந்து இங்குக் கடலடி ஆய்வு நிகழ்த்தின. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டட எச்சங்கள் காணப்பட்டன. அவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மணல் இடம்பெயர்ந்தது, மறைந்திருந்த சிற்பப் பாறைகள் வெளிப்பட்டன. அதற்கு முன்னிருந்த கடலடியை இனி எவரும் சென்று அளத்தல் இயலாது. முந்தைய பதிவுகளே அதற்குச் சான்று. நிலத்தில் ஒரு கல்வெட்டை மீண்டும் படிக்கலாம். கடலில் அந்த நாள் மீண்டும் வாராது. தரவைக் காத்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாயிரமும் அறிவிப்பாளர் தொடரும்

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதிதன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலிய எட்டினைச் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டும் என்பது நன்னூல் வகுத்த நெறி. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்து உரைப்போர் உளர் என்றும் பவணந்தியார் சுட்டுகின்றார். அளந்தவர் யார், எக்கருவி வழி, எப்பொழுது, எவ்விடத்து, எதன்பொருட்டு என்பனவே கடல் தரவின் பாயிரம்.

நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு செய்தியையும் அறிவிப்பாளர் தொடருடன் பதிந்தனர். தொடரை ஆராய்ந்து ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் எனத் தரம் பிரித்தனர். கடல் தரவு மையங்களிலும் இதனை ஒத்த முறை உண்டு. ஐயத்திற்குரிய எண்ணை அழித்துவிடுவதில்லை; ‘நன்று’, ‘ஐயம்’, ‘பிழை’ எனக் குறியிட்டு வைக்கின்றனர். இன்று பிழையெனத் தோன்றுவது நாளை ஒரு புதுமையின் முதற் சான்றாகவும் அமையலாம் அன்றோ?

தொகுத்தலும் பகிர்தலும்

1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஈடுபட்டன. நம் கடற்படையின் ‘கிஸ்த்னா’வும் அவற்றுள் ஒன்று. பல கொடிகளின்கீழ்த் திரண்ட அளவுகள் 1971இல் ஒரே நிலப்படத் தொகுப்பாக வெளிவந்தன. பொதுமுறையில் பதிந்து பகிர்ந்ததன் பயன் இது. பயணம் முடிந்ததும், எவை எங்கே திரட்டப்பட்டன, எவரிடம் உள்ளன என்பதைக் கூறும் சுருக்க அறிக்கையை முதன்மை அறிவியலாளர் அளிக்கும் வழக்கமும் 1960களின் இறுதியில் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தால் உருவாயிற்று. 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இன்று நம் நாட்டின் கடல் தரவுகளைத் தொகுத்துக் காக்கின்றது.

முடிவுரை

ஒருவர் அளந்ததைப் பிறர் நம்பிப் பயன்கொள்வதால், தரவு ஓர் அமானிதம் ஆகும். மீனவர், மாணவர், கரையோர ஊரார் அனைவரும் அதன் உரிமையாளரே. நம் மாணவர் கோவளத்திலோ மாமல்லையிலோ ஒரு குவளை நீரை முகந்து உப்பளவு காண்பினும், நாள், நேரம், இடம், கருவி, தம் பெயர் ஆகிய ஐந்தினையும் உடன் எழுதிவைப்பாராக. எண்ணுக்குப் பொருள் தருவது அந்த ஒரு வரியே ஆகும்.