பழைய கேபிளும் புதிய காமிராவும்

சென்னையினின்று திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணிகையை அணுகுமுன் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் உளது. வழிச்செல்வோர் இளைப்பாறும் சத்திரத்தின் நினைவு அதன் பெயரிலேயே நிற்கின்றது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவாரும், ஆந்திர எல்லையை நோக்கிச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும் வழங்கும் இத்தகைய பாதைகளில், கடைவாயில்தோறும் இன்று கண்காணிப்புக் காமிராவைக் காண்கிறோம்.

அவற்றுள் பல ஆண்டுகட்கு முன் பொருத்திய அனலாக் காமிராக்கள் இன்னும் உள. இவற்றின் படம் அகலத்தில் 704, உயரத்தில் 576 புள்ளிகள் கொண்டது. அஃதாவது ஏறத்தாழ 4 லட்சம் புள்ளி. இரவில் ஒரு வண்டி பொருளைக் கவர்ந்து ஓடினால், வண்டி சென்றது தெரியும். அதன் எண் தெரியாது. இக்காலத்து நெட்வொர்க் காமிராவில் சாதாரணமானதும் 20 லட்சம் புள்ளிகளைத் தரும். ஆதலின் கடைக்காரர் புதியதை விரும்புகிறார். ஆனால் அவர் கேட்கும் முதற்சொல், "பழைய கேபிள் உதவாது, சுவரை இடித்துப் புதிது இழுக்கவேண்டும்" என்பதே. காமிராவின் விலையினும் கொத்தனார் கூலி மிகுதல் கண்டு பலர் பின்வாங்குகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஆராய்வோம்.

கோஆக்ஸியல் கேபிளின் நடுவில் ஒரு கம்பி. அதைச் சூழ்ந்து வெண்ணிறக் காப்புப்பொருள். அதன்மேல் உலோக வலை. புறத்தே கரிய உறை. இவ்வமைப்புக்கு 1880 ஆம் ஆண்டிலே ஆங்கில அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் காப்புரிமை பெற்றார். அனலாக் காமிராவின் படம் இதில் சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் அளவே இடங்கொள்ளும். இதே இனத்துக் கேபிள் நம் வீடுகளுக்குத் தொலைக்காட்சி அலைகளைப் பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரையில் சுமந்து வருகின்றது. ஏரி மதகின் அகலமுள்ள கால்வாயில் ஒரு குடத்து நீர் ஓடினாற்போன்றது இதுகாறும் நடந்தது. குறை கேபிளிலன்று, இரு முனைகளிலும் உள்ள கருவிகளிலேயே. மேலும், இன்று கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையும் 1973 இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கோஆக்ஸியல் கேபிளின்மீதே பிறந்தது என்பதை அறிவோர் சிலர்.

ஆயின் செருகியை மட்டும் மாற்றிப் பொருத்தினால் போதாது. காமிராவின் ஈதர்நெட் குறிகள் முறுக்குக் கம்பிக்கென அமைந்தவை. அவற்றைக் கோஆக்ஸியலுக்கு இசைவிக்க, காமிராப் பக்கம் ஒன்றும் பதிவுக் கருவிப் பக்கம் ஒன்றுமாக இரு மாற்றிகள் வேண்டும். முறுக்குக் கம்பியில் 100 மீட்டரே எல்லை. நல்ல மாற்றிகள் கோஆக்ஸியலில் அதனைப் பன்மடங்கு கடக்கும். காமிரா ஒன்று வினாடிக்குச் சில மெகாபிட் அளவே அனுப்புமாதலின் வேகத்திற்குக் குறைவில்லை. பழைய பதிவுக் கருவியையும் மாற்றவேண்டியிருக்கும் என்பதை மறவற்க.

நிற்க. மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் மாற்றிகள் உள. ஓமின் விதியைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்த நண்பர்கள் இங்கே அதன் பயனைக் காணலாம். 6 வாட் வேண்டும் காமிராவுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் செல்லும். கேபிளின் போகவரத் தடை 10 ஓம் எனின், 5 வோல்ட் வழியிலேயே அழிந்து 7 வோல்ட்டே எஞ்சும். காமிரா கண் திறவாது. அதே ஆற்றலை 48 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் கால்பங்காகும். வழியில் அழிவது ஒன்றேகால் வோல்ட். வீணாகும் வெப்பமோ பதினாறில் ஒரு பங்கு.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது கேபிளைச் சோதித்தலே. இரு முனைகளையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பே காட்டலாகாது. பின் மறுமுனையில் இரண்டையும் இணைத்து அளந்தால் சில ஓம்களே காட்டவேண்டும். மிகுதியாயின் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகாக இருக்கலாம். காந்தம் ஒட்டிக்கொள்ளுமாயின் ஐயமில்லை. மழைநீர் புகுந்து பசுமை பூத்த வலையும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் அனலாக் படத்தைச் சற்றே மங்கச்செய்து விட்டுவிடும். புதிய குறிகளையோ அறவே அறுத்துவிடும். அத்தகைய துண்டை வெட்டி எறிதலே நன்று.

தெளிவான படம் ஒன்றே வேண்டுவார்க்கு, பழைய கேபிளிலேயே மாற்றியின்றி ஓடும் உயர்தெளிவு அனலாக் காமிராக்களும் உள. சிறு கடைக்கு அவையே சிக்கனம் என்பது என் கருத்து. கேபிள் செல்லும் வழி எளிதாய், தூரமும் குறைவாயின் புதிய முறுக்குக் கம்பியை இழுப்பதே நேர்வழி. பல கட்டடங்களைப் பல இடங்களினின்று பார்க்கவேண்டிய பள்ளி, ஆலை முதலியவற்றிற்கே மாற்றிகள் தக்கன.

இன்னொன்று. பழைய காமிராவின் படத்தைக் களவாடப் பெரும்பாலும் ஒருவன் கடைக்குள்ளேயே வரவேண்டும். புதிய காமிராவோ இணையத்தோடு பேசும் ஒரு சிறு கணினி. 2016 இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையிலிட்ட கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களையும் பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அவற்றைக்கொண்டு அமெரிக்காவில் பேரிணையத்தளங்கள் பல மணிநேரம் முடக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் இந்திய அரசும் காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை விதித்தது. எனவே பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. கருவியின் கடிகாரத்தையும் சரிசெய்க. பிறகு ஒரே ஒரு காமிராவை மட்டும் மாற்றி, இரவும் மழையுமாக ஒரு வாரம் பார்த்து, அதன்பின் மற்றவற்றிற்குப் பணம் கொடுக்கலாம்.