பைபாஸ்: இதயத்தை நிறுத்தியா, துடிக்கும்போதேயா?

றொசல்லப் பக்கம் ஒருவருக்கு இதயக் குழாய் அடைப்புக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை தேவை என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், லயத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். ‘இதயத்தை நிறுத்தாமல் செய்யச் சொல்லுங்கள், உடம்பு தாங்கும்’ என்பது அதில் ஒன்று. அது பாதி உண்மை.

வழக்கமான முறையில் இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடவிடுவார்கள். அமெரிக்காவில் ஜோன் கிப்பன் 1953இல் இத்தகைய இயந்திரத்தால் முதல் வெற்றி கண்டார். பிளாஸ்டிக் குழாய்களில் இரத்தம் பட்டதும் உடம்பின் பாதுகாப்புப் படை கிளம்பிவிடுகிறது; இதுதான் அழற்சி. வெள்ளை அணுக்கள் தூண்டப்படுகின்றன, இன்டர்லியூக்கின் போன்ற அழற்சிப் பொருட்கள் இரத்தத்தில் கூடுகின்றன. பட்டினி கிடந்த இதயத் தசைக்கு இரத்தம் திரும்பப் பாயும்போது அழற்சி இன்னும் ஏறுகிறது. காய்ச்சல், உடல் வீக்கம், மூச்சு முட்டுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் இதற்கும் பங்குண்டு.

துடிக்கும் இதயத்தில் செய்யும்போது, தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமல் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் இல்லாததால் அழற்சி குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. நெஞ்செலும்பைப் பிளப்பதே உடம்புக்குப் பெரிய காயம்.

அழற்சி குறைந்தால் ஆயுள் கூடுமா? இந்தியா உட்பட 19 நாடுகளில் 4752 பேரிடம் நடந்த ‘கொரோனரி’ ஆய்வு 2012இல் வெளிவந்தது. துடிக்கும் இதயத்தில் செய்தவர்களுக்கு இரத்தம் ஏற்றும் தேவையும், சிறுநீரக, நுரையீரல் தொல்லைகளும் குறைந்தன. ஆனால் 30 நாட்களில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசமில்லை. ஐந்தாண்டுக்குப் பிறகும் அப்படியே. அடைப்பை மறுபடி சரிசெய்யும் நிலை தொடக்கத்தில் துடிக்கும் முறையில் செய்தவர்களுக்கே அதிகம் வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ‘ரூபி’ ஆய்விலோ, ஐந்தாண்டில் துடிக்கும் முறையில் 15.2 சதவீதத்தினரும், இயந்திர முறையில் 11.9 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். இயந்திர முறையில் ஸ்டீரொய்ட் கொடுத்து அழற்சியை அடக்கிப் பார்த்த பெரிய ஆய்விலும் (2015) மரணங்கள் குறையவில்லை. ஆகவே அழற்சியை மட்டும் வைத்து முறையைத் தேர்வது தவறு என்பதே என் முடிவு.

பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் துடிக்கும் முறையையே பெரும்பாலும் விரும்புவார்கள். அங்கே கவ்வி போட்டால் துகள் உடைந்து மூளைக்குப் போகலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலும் சிகரெட்டிலும் நுரையீரல் கெட்டவர்களுக்கும் துடிக்கும் முறையைப் பற்றிக் கேட்கலாம். இதயத்தின் இரத்தக் குழாய்கள் மெலிந்தோ, தசைக்குள் புதைந்தோ இருந்தால், அல்லது பல இடங்களில் தைக்கவேண்டியிருந்தால் இயந்திர முறைதான் நிதானமானது. இவை எல்லாவற்றையும்விடக் கை பழக்கம் பெரிது. துடிக்கும் இதயத்தில் தொடங்கி, நடுவில் அவசரமாக இயந்திரத்துக்கு மாறுவது ஆபத்து. அதனால் ‘டொக்டர், நீங்கள் வழக்கமாக எந்த முறையில் செய்கிறீர்கள், அப்பாவுக்கு ஏன் இது?’ என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எந்த முறையானாலும் நெஞ்செலும்பு பொருந்த மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை கொழுந்துப் பையோ விறகுக் கட்டோ தூக்கக்கூடாது. வேலைக்குத் திரும்பும் நாளை கிளினிக்கில்தான் முடிவுசெய்ய வேண்டும். வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் சீழ் கட்டினாலோ, இருமும்போது நெஞ்செலும்பு ‘டக்’கென்று அசைந்தாலோ, அழற்சிதானே என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.