ஏட்டு முறையும் நூற்கட்டும்

நூல் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. பஞ்சினின்று திரிக்கும் இழையும் நூல். புலவன் இயற்றும் பனுவலும் நூல். நன்னூலார் தம் பாயிரத்தில் இவ்விரண்டிற்குமுள்ள ஒப்புமையை எடுத்துரைக்கின்றார். வகுப்பில் அப்பகுதியைப் பயின்றபொழுது அதனை உவமை நயமாக மட்டுமே யான் கருதினேன். சென்ற கோடை விடுமுறையிலோ, இழையைத் தவறாக இட்டமையாற் பனுவல் பொய்யுரைக்கத் தொடங்குவதை எம்மூரிற் கண்கூடாகக் கண்டேன். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

எம்மூர் குரங்கணி. போடிநாயக்கனூரினின்று மலைச்சாலை வழியே வருவோர்க்கு, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிச்சரிவில் ஏலத் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் வாயிலாக நிற்பது. எமக்கு நேர் மேலே டாப் ஸ்டேஷன் உள்ளது. மூணாற்றுத் தேயிலையை அங்குக் கொண்டுவருதற்கு 1902ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்று அமைத்தனர். 1908இல் அது சிறிய இருப்புப்பாதையாக மாற்றப்பெற்று, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. மலையுச்சியினின்று தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கிக் கோட்டகுடிப் பக்கம் இறங்கின. அவற்றைக் கண்ணாற் கண்டவர் இன்று எம்மூரில் ஒருவருமிலர். கண்டவர் சொல்லக் கேட்ட மக்கள் சிலர் உளர், அவரும் முதியோர்.

ஆதலின் யானும் நண்பர் மூவரும் அம்முதியோர் கூறியவற்றை எழுதிக்கொண்டு, 64 பக்கத்தில் ஒரு சிறு நூலாக்கினோம். சொன்னவர் பெயரை ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இட்டோம். நாற்பது படிகள் போதுமென்று கருதி, நகரத்துக் கடையொன்றில் அச்சிட்டு, வேறொரு கடையிற் கட்டடஞ் செய்து கொண்டுவந்தோம். மேலட்டை அழகாகவே இருந்தது.

முதற்படியை எம் தெருப் பெரியவரிடம் கொடுத்தேன். தொண்ணூற்றை அணுகியவர், ஊரார் யாவர்க்கும் தாத்தா. அவர் தம் தந்தையாரிடம் கேட்டதும், தாம் இளமையில் ஏலமூட்டை சுமந்ததும் 6ஆம் பக்கம் முதல் 11ஆம் பக்கம் வரை அமைந்திருந்தன. பேர்த்தி படிக்க, அவர் திண்ணையிலமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 8ஆம் பக்கத்தின் ஈற்றுவரி, விடியுமுன் மலையேறியதைச் சொல்லி முடிந்தது. எதிர்ப்பக்கமோ, புகையாற் கண் தெரியவில்லை என்று தொடங்கிற்று. அது 57ஆம் பக்கம்: 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எம்மலையில் எழுந்த காட்டுத்தீயின்போது உதவிக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உரைத்தது. அவர் பெயர் 56ஆம் பக்கத்துத் தலைப்பிலேயே நின்றுவிட்டது. சிறுமி ஐயமின்றிப் படித்துச் சென்றாள். தாத்தா கையுயர்த்தி நிறுத்தினார்.

“அந்தத் தீயன்று நான் கட்டிலைவிட்டு எழவேயில்லையே, தம்பி. என்னை எதற்கு மலையில் ஏற்றிவிட்டாய்?”

சினந்து சொன்னாரல்லர். ஆயினும் எனக்கு முகம் வெயர்த்தது. எழுத்துப் பிழையாயின் படிப்போர் கண்டு திருத்திக்கொள்வர். இஃது அத்தகையதன்று, ஒருவர் வாய்மொழியில் மற்றொருவர் பட்ட துயரம் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஐம்பதாண்டு கழித்து இந்நூலொன்றே எஞ்சுமாயின், தாத்தா தீயினுள் நின்றார் என்றே எவரும் எழுதுவர்.

பழஞ்சுவடிகளைப் பயில்வார்க்கு இவ்வச்சம் புதிதன்று. பனையோலை ஏட்டைத் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலுங் கீழும் சட்டம் வைத்துக் கட்டுவர். கயிறு உருவிவிடாதபடி அதன் நுனியிற் கிளிமூக்குப்போல் நறுக்கிய ஓலைத்துண்டைப் பிணைப்பர். ஏட்டின் ஓரத்தில் எண்ணும் இடுவர். இவ்வளவு காவல் இருந்தும் எத்துணை இழந்தோம்! பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. கட்டின் தலையேடும் கடையேடுமே முதலில் தேய்ந்து ஒடிவன ஆதலின், அந்நூல் இருமுனையும் இழந்தமைக்கு அதுவே காரணமாதல் கூடும் என்பது என் ஊகம். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்களும், ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாட்டுக்களும் இல்லை. நடுவில் அடுத்தடுத்த இரண்டு மறைந்துள்ளமையின், யாண்டோ ஓர் ஏடு நழுவியது போலும் என்று எண்ணத் தோன்றுகின்றது. சீவகசிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஊர்ப் படிகளை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பிற் பெரும்பகுதி, எதன்பின் எது வரும் என்று தெளிதற்கே சென்றிருக்கும்.

எனினும் ஓலைக்கு ஒரு நன்மை உண்டு. அதனை மடிப்பதில்லை. எழுதிய வரிசையே அடுக்கும் வரிசை. அடுக்கும் வரிசையே கட்டும் வரிசை. தாள் வந்தபின்னரே இவை தம்முள் வேறுபட்டன.

தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது; 16 பக்கம் உடையது. 16 என்னுந் தொகையை நோக்குக. ஒரு தாளை மும்முறை மடித்தால் எட்டு இதழும் பதினாறு பக்கமும் ஆகும். இதனை அச்சகத்தார் ஒரு பாரம் என்பர். தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் 1715இற் புதிய ஏற்பாட்டை முடித்தபொழுதும் தாளே பெருங்கவலையாயிருந்தது. ஹாலே நகரில் வார்த்தனுப்பிய எழுத்துக்கள் பெரியனவாதலின் தாள் போதாதென்று கண்டு, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர்.

நண்பர்களே, ஒரு வெற்றுத்தாளை மும்முறை மடித்து, விளிம்பை வெட்டாமலே இதழிடை நோக்கி 1 முதல் 16 வரை எண்ணிட்டுப் பின் விரித்துப் பாருங்கள். ஒருபுறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 என்னும் எண்கள் சில நேராகவும் சில தலைகீழாகவும் நிற்கும், எஞ்சியவை மறுபுறத்தில். மடிப்பின் இருபாலும் அணைந்து நிற்கும் எண்களைக் கூட்டினால் எப்பொழுதும் 17 வரும்: 1உம் 16உம், 4உம் 13உம், 8உம் 9உம். மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டிய தொகை என்பதே விதி. அச்சகத்தில் ‘டம்மி’ என்று இம்மாதிரி மடிப்பை முதலிற் செய்துகொள்வது இதுபற்றியே. கணினியில் அச்சிடுவார்க்கும் இது வேண்டும். அகலவாட்டில் இருபக்கம் அடுத்தடுத்து வைத்து அச்சிடுங்கால், தாளைக் குறுகிய ஓரத்திற் புரட்டுமாறு பணித்தல் வேண்டும். மறந்தாற் பின்புறம் தலைகீழாகும். மொத்தப் பக்கம் நான்கால் வகுபடுதலும் வேண்டும். 61 பக்கமாயின் மூன்று வெற்றுப்பக்கம் சேர்க்க.

இனி எம் பிழைக்கு வருவேன். 64 பக்கத்தையும் அச்சிட்டவர், பதினாறு தாளையும் ஒன்றனுள் ஒன்றாகச் செருகி நடுவிற் குத்தும் முறைக்கு ஏற்ப, கூட்டுத்தொகை 65 ஆகுமாறு அச்சிட்டார். கட்டடஞ் செய்தவரோ, பருத்த நூல் நடுக்குத்தலுக்கு இணங்காதென்று கருதி, நான்கு நான்கு தாளாகப் பிரித்து மடித்து நூலால் தைத்துவிட்டார். முதல் நான்கு தாளில் இருப்பவை 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும் உள்ள பக்கங்கள். ஆகவே நூல் 8இலிருந்து 57க்குத் தாவி, 64க்குப் பின் 9க்குத் திரும்பி, 16இலிருந்து 49க்கு மீண்டும் பாய்ந்தது. 25 முதல் 40 வரையுள்ள ஈற்றுக் கட்டு மட்டுமே ஒழுங்காய் நின்றது. தனித்தனி நோக்கின் இருவரும் தம் தொழிலைச் செவ்வனே செய்தவரே. எவ்வகைக் கட்டு என்பதை அச்சிடுமுன் தீர்மானித்து இருவர்க்கும் சொல்லாதது எம் குற்றம். நான்கு கட்டாகத் தைப்பதென்று முன்னரே துணிந்திருப்பின், 1 முதல் 16 வரை ஒரு பாரம், 17 முதல் 32 வரை மற்றொன்று என்று தனித்தனியே பக்கம் அடுக்கியிருப்போம்.

கட்டு வகையைத் துணிதற்கு இடமும் நோக்கல் வேண்டும். மலையடிவாரத்தில் ஐப்பசி கார்த்திகையில் அட்டையெல்லாம் நமர்த்துவிடும். இரும்புப் பின் துருவேறித் தாளைக் கறைப்படுத்தும். முதுகிற் பசை மட்டும் தடவி ஒட்டும் கட்டு, கடையில் மிடுக்காகத் தோன்றினும், அழுத்தி விரித்தால் நடுவிற் பிளக்கும். பிளந்தபின் இதழ் இதழாக உதிரும். சுருட்கம்பிக் கட்டு நன்றாக விரியும், குறிப்பேட்டிற்கு ஏற்றது. ஆயின் முதுகில் நூற்பெயர் எழுத இடமில்லை. துளையோரம் கிழிந்தால் ஏடு நழுவும். பல பாரங்களைத் தனித்தனி தைத்துப் பிணைப்பதே நெடுநாள் நிற்பது. பசையில் மயில்துத்தம் சிறிது கலந்தாற் பூச்சி அணுகாது என்று பழைய கட்டடக்காரர் கூறுவர்; அது நஞ்சாதலின் சிறுவர் கைப்படாமற் காத்தல் வேண்டும்.

தாளுக்கும் இழையோட்டம் உண்டென்பதை யான் இப்பொழுதே அறிந்தேன். எந்த மடிப்பு எளிதில் இணங்குகின்றதோ, அதற்கு இணையாக இழை ஓடுகின்றது. கடையில் விற்கும் ஏ4 தாளிற் பெரும்பாலும் அது நீளவாட்டில் ஓடுவதால், குறுக்கே மடிக்கும்பொழுது மடிப்பு முரண்டு நிற்கும். ஈரக்காற்றில் ஏடு நெளியும். இழை நீளவாட்டில் ஓடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டிக்கொண்டால் இக்குறை நீங்கும்.

நாற்பது படியையும் எறிந்துவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். மீண்டும் அச்சிடக் கையிற் பொருளில்லை. இரவெல்லாம் தாளிற் கணக்கிட்டுப் பார்த்தபொழுதுதான், அச்சில் ஒரு பிழையும் இல்லையென்பது எனக்குப் புலனாயிற்று. மறுநாள் தையலைப் பிரித்தோம். நான்கு கட்டையும் விரித்து, ஒன்றனுள் ஒன்றாகப் பதினாறு தாளையும் செருகினோம். 1 முதல் 64 வரை வரிசை தானே வந்தமைந்தது. மடிப்பில் மூன்று துளையிட்டு, மெழுகு தோய்த்த பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வாங்கி, கீழ்த்துளையில் வெளியே விட்டு, மீண்டும் நடுத்துளையில் உள்ளே கொணர்ந்து முடிந்தோம். தாளின் கனத்தால் உள்ளிதழ்கள் வெளியிதழ்களைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்தள்ளி நின்றன. வெட்டிச் சமன்செய்தால் விளிம்பெழுத்துக் குறையுமென்று அஞ்சி அவ்வாறே விட்டோம். பழைய அட்டை பொருந்தவில்லை, பழுப்புத்தாளே மேலட்டையாயிற்று.

திருத்திய படியைத் தாத்தாவிடம் கொண்டுசென்றேன். பேர்த்தி 8ஆம் பக்கத்தை முடித்து 9க்குத் திரும்பினாள். மூட்டையை இறக்கிவைத்துச் சுனையில் நீர் குடித்த இடம் வந்ததும், அவர் அந்தச் சுனையின் பெயரை நான் தவறாக எழுதியிருப்பதாகக் கூறி, எழுதுகோலைக் கேட்டு வாங்கினார்.