சன்னல் மாற்றம்: விலைப்புள்ளிகளை ஒப்பிடும் முறை

உளுத்துப்போன மரச் சன்னலை மாற்றுவோர், சதுர அடி விலையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. சன்னலின் முதற் பயன் காற்றோட்டமே.

ஓர் எடுத்துக்காட்டு: சன்னல் 4 அடிக்கு 4 அடி, பரப்பு 16 சதுர அடி. நகரும் இரு கதவுகளுடைய அலுமினியச் சன்னலுக்குச் சதுர அடி ரூ. 500 வீதம் ரூ. 8,000, கீல் கதவுச் சன்னலுக்கு ரூ. 700 வீதம் ரூ. 11,200 எனக் கொள்வோம். முன்னது மலிவாகத் தோன்றும். ஆனால், ஒரு கதவு மற்றொன்றின் பின்னே ஒதுங்குவதால், அதில் பாதிப் பரப்பே திறக்கும். பின்னது ஏறத்தாழ முழுவதும் திறக்கும். ஆகவே, காற்று புகும் சதுர அடிக்கு முன்னதன் விலை ரூ. 1,000, பின்னதன் விலை ரூ. 700. ஒரே சன்னலுள்ள அறையில் இவ்வேறுபாடு கோடைப் புழுக்கத்தில் புலனாகும்.

கண்ணாடியின் கனம், கம்பி, கொசுவலை, பழைய சட்டத்தைப் பெயர்த்தல், பூச்சு, வரி ஆகியன எல்லா விலைப்புள்ளிகளிலும் அடங்கியுள்ளனவா எனக் கண்ட பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்குப் பயிற்சியாக அளிக்கலாம்.